லண்டனிலிருந்து காரில்லாமல் போய், வயதான பெற்றோருடன் கால்வாய்க்கரையிலும் சின்னக் குன்றுகளிலும் நடக்க நல்ல இடம் எது?

டிரிங் போங்கள். லண்டன் யூஸ்டனில் ரயில் ஏறினால் சுமார் நாற்பது நிமிடம். நிலையத்திலிருந்து ஊர் கிட்டத்தட்ட 3 கி.மீ. தள்ளி இருக்கிறது, ஆனால் நமக்கு ஊர் தேவையில்லை. ஊருக்குப் போகும் சாலையில் கொஞ்ச தூரம் நடந்தாலே ஒரு பாலம் வரும். அதற்கடியில் கிராண்ட் யூனியன் கால்வாய். அதே நிலையத்திலிருந்து எதிர்ப்பக்கம் போனால் சில்டர்ன் குன்றுகள். அப்பாவுக்கு முழங்கால் வலி, அம்மா நன்றாக நடப்பார், கார் கிடையாது, "கட்டடம் பார்த்தது போதும், வயல்வெளி பார்க்கணும்" என்று அம்மா சொல்கிறார் என்றெல்லாம் கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். இத்தனைக்கும் ஒத்துவருகிற இடம் எனக்குத் தெரிந்து இதுதான். மாமனார், மாமியார், என் அம்மா என்று ஊரிலிருந்து வந்தவர்கள் எல்லாரையும் நான் முதலில் கூட்டிப்போனது இங்கேதான்.

முதல் நாள் கால்வாய்க்கரை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். குன்றை இன்னொரு நாளுக்கு விடுங்கள். முழங்கால் வலிக்காரருக்கு இதைவிட நல்ல பாதை கிடைக்காது. தண்ணீர் நிற்க வேண்டும் என்பதால் கால்வாயை மட்டம் பார்த்துத்தான் வெட்டுவார்கள். கரையும் அப்படியே மட்டமாக இருக்கும். மைல் கணக்கில் நடந்தாலும் ஏற்ற இறக்கம் தெரியாது. உயரம் மாற வேண்டிய இடத்தில் லாக் கட்டியிருப்பார்கள் (இரு முனையிலும் கதவுள்ள தொட்டி, தண்ணீரை ஏற்றி இறக்கிப் படகை மேலேயும் கீழேயும் கொண்டுபோகும்), அங்கே மட்டும் ஒரு சின்னச் சரிவு. வழி தவறிப்போகவும் வாய்ப்பில்லை. அலுப்பாக இருந்தால் எந்த இடத்திலும் திரும்பிவிடலாம்.

அந்தப் பாதை குதிரைக்காகப் போட்டது. எஞ்சின் வருவதற்கு முன் கரையில் குதிரை நடக்க, அதன் கயிற்றில் கட்டிய படகு தண்ணீரில் வரும். சாலையில் இழுப்பதைப் போலப் பத்து மடங்குக்கு மேல் பாரத்தை ஒரே குதிரை தண்ணீரில் இழுத்துவிடும். கால்வாய் வெட்டக் கோடி கோடியாகப் பணம் கொட்டியது இந்த ஒரு கணக்கை நம்பித்தான். பழைய பாலங்களைக் கடக்கும்போது வளைவின் விளிம்பைக் கிட்டப் போய்ப் பாருங்கள். செங்கல்லிலோ, அதைக் காப்பதற்காகப் பதித்த இரும்பிலோ விரல் நுழைகிற அளவுக்குப் பள்ளங்கள் இருக்கும். நனைந்த கயிறு மணலோடு உரசி உரசி அறுத்த தடம். அப்பாவை விரல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பாலத்திலிருந்து இறங்கி வடக்கே, புல்போர்ன் பக்கமாக நடக்க வேண்டும். முதல் பகுதி ஒன்றரை மைல் நீளத்துக்கு ஆழமாக வெட்டிய பள்ளம். இருபுறமும் சரிவு, சரிவு நிறைய மரங்கள், வெயில் வடிகட்டித்தான் உள்ளே வரும். இங்கே கொஞ்சம் நின்று யோசித்தால் இந்தப் பூமியே புரியும். சில்டர்ன் என்பது சுண்ணாம்புப் பாறையாலான நீண்ட மேடு. லண்டனிலிருந்து வடமேற்கே போக வேண்டுமென்றால் அதைத் தாண்டியாக வேண்டும். தாழ்வான இடைவெளி ஒன்று டிரிங்கில் கிடைத்தது. ரோமானியர் காலத்து ஏக்மன் ஸ்ட்ரீட் சாலை, 1790களில் வெட்டத் தொடங்கிய கால்வாய், 1838இல் முழுதாகத் திறந்த ராபர்ட் ஸ்டீஃபன்சனின் ரயில் பாதை, மூன்றும் அந்த இடைவெளிக்குள் நுழைந்துதான் போகின்றன. நீங்கள் வந்திறங்கிய ரயிலும் அதே வழியில் வந்ததுதான். இடைவெளியும் போதுமான அளவு தாழ்வாக இல்லாததால்தான் இந்தப் பள்ளம். மண்வெட்டி, கடப்பாரை, தள்ளுவண்டி மட்டுமே வைத்துக்கொண்டு மனிதர்கள் வெட்டியது. அன்று இந்தக் கால்வாயின் பெயர் கிராண்ட் ஜங்ஷன். 1929இல்தான் வேறு சில கால்வாய்களோடு சேர்ந்து கிராண்ட் யூனியன் ஆனது. லண்டனையும் பர்மிங்காமையும் இணைக்கிறது, 137 மைல்.

புல்போர்னில் கரையோரம் ஒரு பழைய செங்கல் பட்டறை தெரியும். லாக் கதவுகளை ஓக் மரத்தில் செய்துகொண்டிருந்த இடம். ஒரு கதவு ஏறக்குறைய 25 வருடம் உழைக்கும், பிறகு மாற்ற வேண்டும்.

அதைத் தாண்டினால் மார்ஸ்வொர்த் லாக்குகள், வரிசையாக 7. அங்கே அவசரப்படாதீர்கள். படகு ஒன்று வரும்வரை காத்திருந்து, அது ஒரு லாக்கைக் கடப்பதை முழுதாகப் பாருங்கள். படகு உள்ளே வந்ததும் பின்கதவை மூடுவார்கள். படகிலிருந்து இறங்கியவர், வளைந்த இரும்புக் கைப்பிடி ஒன்றைப் பல்சக்கரத்தில் மாட்டிச் சுற்றுவார். நாம் மதகில் ஷட்டர் தூக்குகிற அதே வேலை. அடியில் தண்ணீர் புகுந்து கொப்பளிக்கும், படகு கண்ணெதிரே மேலே வரும். இரண்டு பக்கமும் மட்டம் சமமாகிற வரை யானையைக் கட்டி இழுத்தாலும் கதவு அசையாது. சமமான பிறகு, கதவின் தலையில் நீட்டிக்கொண்டிருக்கும் நீண்ட மரக்கட்டையில் முதுகைச் சாய்த்துத் தள்ளினால் போதும். என் மாமியார் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தபோது படகுக்காரம்மா கையசைத்துக் கூப்பிட்டார். அவருக்குத் தமிழ் தெரியாது, இவருக்கு ஆங்கிலம் தெரியாது. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று தள்ள, கதவு மெதுவாகத் திறந்தது. "மாப்பிள்ளை, நம்ம ஊர்ல செக்குக் கட்டையைத் தள்ளற மாதிரியே இருக்குங்க" என்றார் மாமியார். அடுத்த லாக்கிலும் போய் நின்றுகொண்டார், அதற்கடுத்ததிலும்.

படகுக்காரர் கூப்பிட்டால் உங்கள் அம்மாவும் தாராளமாகத் தள்ளலாம். கூப்பிடாமல் எதையும் தொட வேண்டாம். கட்டை சுழலும் வட்டத்துக்குள் நிற்கவும் வேண்டாம்.

லாக்குகளை ஒட்டியே ஏரி போலப் பரந்த நீர்த்தேக்கங்கள். இவை ஏன் அங்கே இருக்கின்றன என்பதுதான் எனக்கு இந்த நடையில் மிகப் பிடித்த விஷயம். டிரிங் இந்தக் கால்வாயின் உச்சி. தெற்கேயும் இறக்கம், வடக்கேயும் இறக்கம். படகு ஒவ்வொரு முறை லாக்கைக் கடக்கும்போதும் சுமார் 2 லட்சம் லிட்டர் தண்ணீர் கீழே போய்விடும். உச்சியைத் தாண்டிப் போகும் படகு ஏறும்போது ஒரு தரம், இறங்கும்போது ஒரு தரம் உச்சியின் தண்ணீரை எடுத்துக்கொண்டு போகிறது. மேட்டின் மேலே அவ்வளவு தண்ணீருக்கு எங்கே போவது? வெண்டோவர் ஊற்றுகளிலிருந்து ஒரு கிளை வெட்டிக் கொண்டுவந்தார்கள், அது கசிந்தது. அதனால் 1802 முதல் 1839 வரை ஒன்றன்பின் ஒன்றாக வில்ஸ்டன், மார்ஸ்வொர்த், டிரிங்ஃபர்ட், ஸ்டார்டாப்ஸ் எண்ட் தேக்கங்களைக் கட்டினார்கள்.

படகுக்காகத் தேக்கிய தண்ணீரில் பறவைகள் வந்து குடியேறின. நாமக்கோழி, அன்னம், நாணலில் சாம்பல் நாரை, வசந்தத்தில் எதிரும் புதிருமாக நின்று தலையை ஆட்டிக் கூத்தாடும் கொண்டை முக்குளிப்பான். நம் ஊர் ஏரிக்கரைகளில் குடுகுடுவென்று ஓடுமே பட்டாணி உப்புக்கொத்தி, பிரிட்டனில் அது முதன்முதலாகக் கூடு கட்டியது இந்தத் தேக்கங்களில்தான், 1938இல். ஸ்டார்டாப்ஸ் எண்ட் கரையில் உட்கார்ந்து, கட்டிக்கொண்டு போன புளியோதரையைச் சாப்பிடுங்கள். பக்கத்தில் தேநீரும் கிடைக்கும். வந்த வழியே திரும்பினால் மொத்தம் 8 கி.மீ. அளவில் முடிந்துவிடும். அப்பாவுக்கு அது போதும்.

குன்றுக்கு அம்மாவைக் கூட்டிப்போங்கள். டிரிங் நிலையத்துக்குப் பக்கத்திலேயே ரிட்ஜ்வே என்ற நெடும்பாதை போகிறது. அதன் கிழக்கு முனை ஐவிங்கோ பீக்கன் என்ற மொட்டைக் குன்று. நிலையத்திலிருந்து சுமார் 6 கி.மீ. வழிகாட்டிக் கம்பங்களில் ஓக் கொட்டைச் சின்னம் இருக்கும், அதைப் பிடித்துக்கொண்டே போகலாம். உச்சி 233 மீட்டர்தான். டிரிங்கே நூறு மீட்டருக்கு மேல் உயரத்தில் இருப்பதால் கிளம்பும்போதே பாதி ஏறியிருப்பீர்கள். கொஞ்சம் காடு, பிறகு பிட்ஸ்டன் குன்று, அங்கிருந்து முழுக்க ஆடு மேய்ந்த குட்டைப் புல்வெளி. சுண்ணாம்பு மண்ணில் உரம் குறைவு, ஆடுகளும் புல்லை ஒட்டக் கடித்துவிடும். அதனால்தான் பெரிய புதர் எழாமல், ஏப்ரல் மே மாதங்களில் கௌஸ்லிப் என்ற மஞ்சள் பூ புல்லோடு புல்லாகப் பூக்கிறது.

உச்சியில் எப்போதும் காற்று. கீழே எய்ல்ஸ்பரி சமவெளி முழுவதும் விரிந்து கிடக்கும். முதல் நாள் நடந்த தேக்கங்கள் தூரத்தில் பளபளக்கும். பிட்ஸ்டன் காற்றாலை தெரியும், அதன் மரத்தில் 1627 என்று செதுக்கியிருக்கிறது. கிழக்கே, விப்ஸ்னேட் மிருகக்காட்சிசாலைக்காக 1930களில் சுண்ணாம்புச் சரிவில் வரைந்த வெள்ளைச் சிங்கம். தலைக்கு மேலே, ரெட் கைட் என்ற வால் பிளந்த செந்நிறப் பருந்துகள். இங்கிலாந்தில் அற்றுப்போன இந்தப் பருந்தை 1989 முதல் ஸ்பெயினிலிருந்து கொண்டுவந்து சில்டர்னில் விட்டார்கள். இன்று அண்ணாந்து பார்க்கும்போதெல்லாம் ஒன்றாவது வட்டமிடுகிறது.

அப்பாவும் மேட்டின் மேல் நின்று பார்க்க ஆசைப்பட்டால், வாடகை வண்டியில் ஆஷ்ரிட்ஜ் போய்விடுங்கள். நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை பராமரிக்கும் காடு. சிற்றுண்டிக் கடையும் கழிப்பறையும் இருக்கின்றன. ஏப்ரல் கடைசியில் காட்டுத்தரை முழுக்க நீலமணிப் பூ. அங்கே 1832இல் எழுப்பிய ஓர் உயரமான தூண், மூன்றாம் பிரிட்ஜ்வாட்டர் டியூக்கின் நினைவாக. தன் நிலக்கரியை மான்செஸ்டருக்குக் கொண்டுபோகக் கால்வாய் வெட்டி 1761இல் திறந்தவர் அவர். ஊரில் கரி விலை பாதியாக இறங்கியது, நாடெங்கும் கால்வாய் வெட்டும் வேகம் பிடித்துக்கொண்டது. கீழே நீங்கள் நடந்த கால்வாயும் அந்த அலையில் வந்ததே.

போகும் முன் சில விஷயங்கள். மே முதல் செப்டம்பர் வரை நல்ல காலம். டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும், பள்ளத்துப் பாதையும் சேறாகிவிடும். அம்மாவுக்குப் புடவையோடு செருப்பு வேண்டாம். பிடிமானமுள்ள ஷூ வாங்கிக்கொடுங்கள். ஓரத்துச் செடிகளில் கை படாமல் நடக்கச் சொல்லுங்கள், நம் செந்தட்டியைப் போல அரிக்கும் நெட்டில் வழி நெடுக இருக்கும். நீங்கள் திறக்கும் கேட்டை மூடிவிட்டுப் போக வேண்டும், உள்ளே ஆடு மாடு மேயும். வயலுக்கு நடுவே பாதை போனால் தயங்க வேண்டாம். பொதுப் பாதை என்று மஞ்சள் அம்பு இருந்தால், நிலம் யாருடையதானாலும் நடந்துபோக நமக்குச் சட்டப்படி உரிமை உண்டு. இந்த நாட்டில் எனக்கு மிகவும் மதிப்பான உரிமை இது. பிரிட்டனின் நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:25,000 வரைபடம் ஒன்றை போனில் ஏற்றிக்கொள்ளுங்கள்; வேலி எங்கே, எந்தப் பக்கம் பாதை என்பதுவரை அதில் இருக்கும். கால்வாய்க்கரையில் கட்டியிருக்கும் படகுகள் பலருக்கு வீடு, ஜன்னலுக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது. எதிரே வருபவர் வணக்கம் சொல்வார், அப்பா அம்மாவும் பதிலுக்குத் தலையசைத்தால் முகம் மலர்ந்து போவார்கள்.

இது பிடித்துப்போனால் அடுத்ததாக வில்ட்ஷயர். பாடிங்டனிலிருந்து பியூசிக்கு நேரடி ரயில் உண்டு. 1810இல் முழுதாகத் திறந்த கென்னட் அண்ட் ஏவன் கால்வாயின் கரையில் மேற்கே நடந்தால் ஹனிஸ்ட்ரீட். எதிரே மில்க் ஹில் சரிவில் 1812இல் வெட்டிய வெள்ளைக் குதிரை. அங்கிருந்து வடக்கே சில கி.மீ.யில் ரிட்ஜ்வேயின் மறுமுனை. அந்தக் கால்வாயும் 87 மைல், ரிட்ஜ்வேயும் 87 மைல். இன்னும் மேற்கே டிவைசஸில் 29 லாக்குகள் 72 மீட்டர் ஏறுகின்றன. அவற்றில் 16 ஒரே நேர்கோட்டில் குன்றின் மேல் அடுக்கியிருக்கிறார்கள். லாக் கதவு தள்ளிப் பழகியபின் அம்மாவை அங்கே கூட்டிப்போங்கள், அதன் அடியில் நின்று மேலே பார்க்கட்டும். அதற்குத் தனியாக ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். டிவைசஸுக்கு ரயில் கிடையாது, பஸ் பிடிக்க வேண்டும்.