நம்ம ஏரியா, நம்ம வீக்கெண்ட்: கேளுங்க சொல்றேன்

போன இதழ்ல "லீவுன்னா ஊரத் தாண்டித்தான் போகணுமா"ன்னு ஒரு வரி போகிற போக்குல எழுதிட்டேன், அதுக்கு வந்த கேள்விகள்ல சிலது மட்டும் இங்க. பேர் போட வேண்டாம்னு நிறைய பேர் கேட்டதால யாருக்கும் போடல.

புது ஏரியாவுக்கு குடி வந்து அரை வருஷம் ஆச்சு சார். ஆபீஸ் போற ரோடும் டெலிவரி ஆப்பும் தவிர ஒண்ணும் தெரியாது. சனி ஞாயிறு ரூம்லயே கெடக்குறேன். எங்க இருந்து ஆரம்பிக்கிறது?

வாசல்ல இருந்துதான் தம்பி. சாதாரணமா நடந்தா மணிக்கு 5 கிலோமீட்டர், அப்ப 15 நிமிஷத்துல ஒன்னேகால் கிலோமீட்டர் போயிடலாம், வீட்ட நடுவுல வச்சு மேப்ல அந்த தூரத்துக்கு ஒரு வட்டம் போட்டுப் பாருங்க, கிட்டத்தட்ட 5 சதுர கிலோமீட்டர் வரும், ரோடெல்லாம் வளைஞ்சு நெளிஞ்சு போறதால நிஜத்துல கொஞ்சம் கம்மியாத்தான் கிடைக்கும், இருந்தாலும் அதுவே ஒரு சின்ன டவுன் சைஸ். கார்லோஸ் மொரேனோன்னு பாரிஸ்ல ஒரு பேராசிரியர், தேவையானதெல்லாம் இந்த 15 நிமிஷத்துக்குள்ள இருக்கணும்னு 2016ல சொன்னாரு, 2020ல அங்க நடந்த மேயர் தேர்தல்ல ஆன் இதால்கோ அதையே வாக்குறுதியா வச்சு ஜெயிச்சாங்க. உங்க ஊர் மேயர் செய்வாரான்னு காத்திருக்காதீங்க, இருக்கிறத முதல்ல பாருங்க.

மெயின் ரோட விட்ருங்க. அங்க வாடகை ஜாஸ்தி, அதனால பெரும்பாலும் எல்லா ஊர்லயும் பார்க்கிற அதே செயின் கடைங்கதான் நிக்கும். அதுக்கு பின்னாடி இருக்கிற ரெண்டாவது மூணாவது தெருவுலதான் முதலாளியே கல்லாவுல உக்காந்திருக்கிற சின்ன கடைங்க இருக்கும். காலைல 7 மணிக்கு ஒருக்கா போங்க, அதே தெருவுக்கு ராத்திரி 7 மணிக்கும் போங்க. காலைல ஷட்டர் மூடிக் கிடந்த இடமெல்லாம் ராத்திரி ஆளும் லைட்டுமா இருக்கும். அப்புறம் அந்த டெலிவரி ஆப்ல நீங்க வழக்கமா ஆர்டர் பண்ற கடை எங்க இருக்குன்னு தேடிப் போய்ப் பாருங்க, அடுத்த தெருவுலயே இருந்தா கோவப்படாதீங்க.

ஒரு ரெஸ்டாரன்ட் 4.8, இன்னொன்னு 4.2. ரேட்டிங் பாத்து 4.8க்கு குடும்பத்தோட போயி நொந்து வந்தோம். இனிமே எத நம்புறது?

எத்தன பேர் சேர்ந்து போட்ட 4.8ன்னு பாத்தீங்களா? 15 பேர் போட்டதுன்னா அது ஓனரோட சொந்தக்காரங்க கூட்டமாக்கூட இருக்கலாம். 2000 பேர் போட்டு 4.2 நிக்குதுன்னா அதுதான் என் கணக்குல பெரிய விஷயம்.

இதுல காசு இருக்குங்க. ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூல்ல மைக்கேல் லூகா 2011ல யெல்ப்ங்கிற அமெரிக்க ரிவ்யூ சைட்டோட ரேட்டிங்க வச்சு ஒரு ஆய்வு பண்ணாரு, ஒரு ஸ்டார் ஏறினா ரெஸ்டாரன்ட் வருமானம் 5லருந்து 9 சதவீதம் வரைக்கும் ஏறுதுன்னு வந்துச்சு, அதுலயும் பேர் பெத்த செயின் கடைங்களுக்கு இந்த ஏற்றம் இல்ல, தனிக் கடைங்களுக்குத்தான். அப்ப தனிக் கடைக்காரர் ஸ்டாருக்கு ஏன் அல்லாடுறாரு, சிலர் ஏன் ஆள் வச்சு எழுத வைக்கிறாங்கன்னு புரியுதா?

நான் பாக்கிற விதம் சொல்றேன். 5 ஸ்டார் போட்டவங்களும் 1 ஸ்டார் போட்டவங்களும் உணர்ச்சிவசப்பட்டவங்க, நடுவுல 3 ஸ்டார் போட்டவங்கதான் நிதானமா எழுதுவாங்க, அத முதல்ல படிங்க. புதுசு மேல வர்ற மாதிரி வரிசைய மாத்திக்கோங்க, ஏன்னா சமையல்காரர் மாறினா கடையே மாறிடும், பழைய ரேட்டிங் அப்படியே நிக்கும். கடை போட்ட போட்டோ வேண்டாம், சாப்பிட வந்தவங்க மங்கலா எடுத்த போட்டோவ பாருங்க. மெனு கார்டு புத்தகம் மாதிரி தடிமனா இருந்தா எனக்கு உடனே சந்தேகம் வந்துடும், அத்தனையையும் அன்னன்னிக்கு புதுசா செய்ய எந்த கிச்சனாலயும் முடியாது, ஃப்ரீஸர் பெருசுன்னுதான் அர்த்தம். எல்லாத்துக்கும் மேல, குடும்பத்தோட போறதுக்கு முன்னாடி ஒரு வார நாள்ல நீங்க மட்டும் போயி ஒரே ஒரு ஐட்டம் சாப்பிட்டுப் பாருங்க, அத விட பெரிய ரிவ்யூ கிடையாது.

சனிக்கிழமை ராத்திரி எங்க போனாலும் கூட்டம், லேட்டு, சத்தம். ஆனா எங்களுக்கு ஃப்ரீயா கிடைக்கிறது அந்த நேரம்தான். வழி இருக்கா?

அந்த நேரம்னா 8 மணியா? அதுதான் பிரச்சினை, உங்கள மாதிரியே எல்லாரும் 8 மணிக்குத்தான் கெளம்புறாங்க. டேபிள எக்ஸ்ட்ரா போடலாம், அடுப்ப போட முடியாதே. பத்து டேபிள் ஒரே நேரத்துல ஆர்டர் குடுத்தா கிச்சன்ல சீட்டு வரிசையா தொங்கும், அதுல உங்களது கடைசின்னா நீங்க என்னதான் கத்தினாலும் சர்வர் பாவம் என்ன பண்ணுவாரு. திறந்த முதல் அரை மணி நேரத்துல போய் உக்காருங்க, இல்லாட்டி கூட்டம் வடிஞ்ச பிறகு போங்க. மூடுறதுக்கு அரை மணி இருக்கும்போது மட்டும் வேண்டாம், அடுப்ப கழுவ ஆரம்பிச்சிருப்பாங்க, மொகம் எப்படி இருக்கும்னு சொல்ல வேண்டியதில்ல.

சத்தம் பத்தி கேட்டீங்கல்ல, அது வேற கதை. சாதாரணப் பேச்சு 60 டெசிபல் சுமாரு, நெரிசலான ரெஸ்டாரன்ட்ல 80 சர்வசாதாரணமா தாண்டுது. பக்கத்து டேபிள் சத்தமா பேசினா நம்மளும் அறியாமலே குரல ஏத்துறோம், நம்ம ஏத்தினதுக்கு அவங்க ஏத்துறாங்க, எட்டியென் லொம்பார்ட்னு ஒரு ஃப்ரெஞ்ச் காது டாக்டர் நூறு வருஷத்துக்கு முன்னாடியே கவனிச்சு 1911ல எழுதி வச்சாரு, இப்பவும் அதுக்கு அவர் பேருதான். இது காதோட நிக்கல, இரைச்சல்ல சாப்பிட்டா உப்பும் இனிப்பும் நாக்குக்கு கம்மியா தெரியுதுன்னு 2010ல ஒரு ஆய்வு வந்துச்சு. அப்ப "போன தடவ மாதிரி இல்ல"ன்னு நீங்க சமையல்காரர திட்டினதுல பாதி தப்பு ஸ்பீக்கர் மேல. மூலையில உக்காருங்க, கண்ணாடி சுவரும் கிச்சன் கதவும் இல்லாத பக்கமா, திரைச்சீலை இருந்தா அதோரமா.

தனியா ரெஸ்டாரன்ட்ல சாப்பிட கூச்சமா இருக்கு. எல்லாரும் என்னையே பாக்கிற மாதிரி தோணுது. (கல்லூரி மாணவி)

யாரும் பாக்கல கண்ணு, அவங்க அவங்க ஃபோன பாத்துட்டு இருக்காங்க. முதல்ல மத்தியான கூட்டம் ஓஞ்ச நேரமா, 3 மணி வாக்குல போங்க, சுவத்துக்கு முதுகு குடுத்து உக்காந்தா அந்த "பின்னாடி யாரோ" உணர்வு வராது. ரெண்டு தடவ போனா மூணாவது தடவ கூச்சம் எங்கன்னு தேடணும்.

என் வீட்டுக்காரர் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அதே கடை, அதே டேபிள், அதே ஐட்டம். புதுசா ஊர்ல எத்தனையோ வந்திருக்கு. நீங்களே சொல்லுங்க சார்.

நான் உங்க வீட்டுக்காரர் கட்சி, மன்னிக்கணும். லிஸ்ட் போட்டு ஒவ்வொரு கடையா டிக் பண்ணிட்டே போறவங்களுக்கு எந்தக் கடையும் சொந்தமாகாது. அதே இடத்துக்கு திரும்பத் திரும்ப போறவருக்குத்தான் "இன்னைக்கு அது வேண்டாங்க, நேத்து வந்த சரக்கு"ன்னு சர்வர் காதோட சொல்வாரு, பர்ஸ் மறந்துட்டா "நாளைக்கு குடுங்க"ன்னுவாங்க, உங்க பிள்ளை வளர்றத பாத்துட்டு இருப்பாங்க. சும்மா சொல்லல, ஜில்லியன் சாண்ட்ஸ்ட்ரோம், எலிசபெத் டன்னுன்னு ரெண்டு பேர் 2014ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, காபி வாங்க வந்தவங்கள்ல பாதிப் பேர காபி போடுறவரோட சிரிச்சு ரெண்டு வார்த்த பேசச் சொன்னாங்க, மீதிப் பேர வேலைய முடிச்சுட்டு சட்டுனு கெளம்பச் சொன்னாங்க, பேசினவங்கதான் சந்தோஷமா வெளிய வந்தாங்க. முன்னப்பின்ன தெரியாத ஆளுகிட்ட பேசினதுக்கே இது, வாரா வாரம் பாக்கிறவர்னா?

ஆனா "அதே ஐட்டம்" விஷயத்துல நான் உங்க கட்சி. கடை அதேவா இருக்கட்டும், ஆர்டர நீங்க குடுங்க.

ரெண்டு சின்னப் பசங்க. மால் போனா பர்ஸ் காலி, போகலன்னா வீடு ரெண்டாகுது. செலவில்லாம ஏரியாவுக்குள்ளயே என்ன பண்ணலாம்?

பசங்களுக்கு வேண்டியது இடம், ஐட்டம் இல்ல. ஆம்ஸ்டர்டாம்ல ஆல்டோ வான் ஐக்னு ஒரு ஆர்க்கிடெக்ட், 1947ல தொடங்கி, வீடுங்களுக்கு நடுவுல சும்மா கெடந்த மூலை முடுக்கெல்லாம் பிடிச்சு 700க்கும் மேல விளையாட்டு இடம் கட்டினாரு, பெருசா ஒண்ணும் இல்ல, மணல் குழி, தாண்ட சில கல்லு, தொங்க ஒரு கம்பி வளைவு. உங்க ஏரியாவுலயும் அப்படி மூலைங்க இருக்கும், பெரியவங்க கண்ணுக்குத்தான் படாது, பசங்கள முன்னாடி விட்டு "நீ வழி சொல்லு"ன்னு பின்னாடி நடங்க, அவங்களே கண்டுபிடிப்பாங்க.

காரில்லாத தெரு உங்க ஊர்ல எங்கயாவது நடக்குதான்னு விசாரிங்க. கொலம்பியாவோட போகோட்டாவுல 1974லருந்து ஞாயித்துக்கிழமை காலைல 7லருந்து மத்தியானம் 2 வரைக்கும் 100 கிலோமீட்டருக்கு மேல ரோட்ட காருக்கு மூடி ஜனங்களுக்கு விட்டுடுறாங்க, டோக்கியோ கின்சாவுல 1970லருந்து வீக்கெண்ட் மத்தியானத்துல பெரிய கடைத்தெருவே நடக்கிறவங்களுக்கு. பல நாடுகள்ல சனிக்கிழமை காலைல பார்க்ரன் இருக்கு, 5 கிலோமீட்டர், ஓடலாம் நடக்கலாம், இலவசம், 2004ல லண்டன் புஷி பார்க்ல 13 பேர் ஓடி ஆரம்பிச்சது. எதுவுமே இல்லன்னா உங்க தெரு அளவுக்கு நீங்களே ஆரம்பிக்கலாம். ஒரே கட்டடத்துல இருந்தும் பழக்கமில்லாத அண்டை வீட்டுக்காரங்கள சாப்பிடக் கூப்பிட்ட கதைதான், 1999ல பாரிஸ்ல ஒரு வட்டாரத்துல தொடங்கி, இப்ப பல நாடுகள்ல அண்டை வீட்டார் தினமா நடக்குது.

நேர்ல போக சோம்பேறித்தனமா இருக்கு, ஆப்லயே பக்கத்து கடைல வாங்கினா அதுவும் லோக்கல் கடைக்கு ஆதரவுதானே?

பாதி ஆதரவு. ஆப்காரங்க கடைகிட்ட எடுக்கிற கமிஷன் பல இடங்கள்ல 15லருந்து 30 சதவீதம் வரைக்கும் போகுது, அதனால சில கடைங்க ஆப்ல விலைய ஏத்தி வச்சிருக்கும். ஃபோன் போட்டு சொல்லிட்டு நடந்து போயி பார்சல் வாங்குங்க, அந்த நடையும் வீக்கெண்ட்தான். வாங்கினத டேபிள்ல வச்சுட்டு சாயங்காலம் வரைக்கும் மறக்க வேண்டாம், 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவுல கிருமி வேகமா பெருகும், ரெண்டு மணி நேரத்துக்குள்ள சாப்பிடுங்க இல்ல ஃப்ரிட்ஜுல வைங்க.

நீங்க எல்லாரையும் எங்க தெருவுக்கு அனுப்பிட்டே இருங்க. கீழ் வீடு கஃபே ஆனதுல இருந்து வெள்ளி சனி தூக்கமே இல்ல, வாசல்ல வண்டி, ராத்திரி பூரா "தம் தம்"னு பாட்டு. எங்களுக்கு என்ன பதில்?

உங்க கோவம் ரொம்ப நியாயம். அந்த "தம் தம்" இருக்கே, பாஸ் சத்தம், அதுதான் சுவத்த சுலபமா தாண்டுறது, கதவு மூடினாலும் ஜன்னல் மூடினாலும் நிக்காது. ஸ்பீக்கர் தரையிலயோ உங்க பக்கத்து சுவத்துலயோ ஒட்டி இருந்தா கட்டடமே அதிரும், அத எடுத்து ரப்பர் மேட் மேல வச்சு பாஸ குறைச்சாலே வித்தியாசம் தெரியும், உள்ள உக்காந்து சாப்பிடுறவங்களுக்கு ஒண்ணும் குறையாது. இத சனிக்கிழமை ராத்திரி சண்டையா சொல்லாம செவ்வாய்க்கிழமை மத்தியானம் கடை காலியா இருக்கும்போது ஓனர்கிட்ட சொல்லுங்க, முடிஞ்சா ராத்திரி மேல கூட்டிட்டு வந்து உங்க பெட்ரூம்ல நிக்க வைங்க, கீழ இருக்கிறவருக்கு மேல எப்படிக் கேக்குதுன்னு நிஜமாவே தெரியாது. தேதி நேரம் குறிச்சு வச்சுக்கோங்க, பேச்சுல மசியலன்னா நகராட்சிக்கு எழுத அது வேணும். வண்டிக்கு மட்டும் ஓனர திட்டிப் பிரயோஜனமில்ல, அத நிறுத்துறது என் வாசகர்களாத்தான் இருக்கும், நடந்து போங்கன்னு மேல சொல்லியாச்சு.