பிராட் தெருத் தோட்டாக்கள் – கடிதம்

வணக்கம்.

காலரா பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். 1854ல் லண்டன் பிராட் தெரு அடிபம்பால் பரவிய காலராவைச் சொல்லும் இடத்தில், பக்கத்திலிருந்த ஈலி தொழிற்சாலையில் பதினெட்டுப் பேர் இறந்தார்கள் என்று ஒரு வரி வருகிறது. அந்தப் பெயரைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். இரண்டு வருடமாக ரைஃபிள் கிளப்பில் 50 மீட்டர் பயிற்சி எடுக்கிறாள். அவளுக்கு வாங்கும் .22 தோட்டாப் பெட்டியில் இருப்பதும் ஈலி என்ற பெயர்தான். இரண்டும் ஒரே கம்பெனியா? அப்படியென்றால் இத்தனை காலமாக அவர்கள் என்னவெல்லாம் செய்தார்கள்? ராணுவத்துக்கும் தோட்டா செய்தவர்களா? இதையெல்லாம் மகளிடம் சொல்லலாமா என்றும் யோசனையாக இருக்கிறது.

அன்புடன்,
ரா.

அன்புள்ள ரா.,

ஒரே கம்பெனிதான். உங்கள் மகள் ரைஃபிளில் போடும் தோட்டா எந்தப் பெயரில் வருகிறதோ, அதே பெயர்தான் அன்று பிராட் தெரு 37ஆம் எண் கட்டடத்திலும் இருந்தது. அந்தக் கட்டுரையில் ஒரு வரியோடு கடந்துபோனது எனக்கே குறையாகத்தான் இருந்தது. உங்கள் கடிதத்தால் அதைச் சரிசெய்ய ஒரு வாய்ப்பு கிடைத்திருக்கிறது.

வில்லியம் ஈலி, சார்லஸ் ஈலி என்ற அண்ணன் தம்பி இருவர் 1828ல் லண்டனில் தொடங்கிய தொழில் இது. முதலில் அவர்களுக்குப் பேர் வாங்கித் தந்தது கம்பித் தோட்டா. வேட்டைத் துப்பாக்கியில் ஈய ரவைகளைப் போட்டுச் சுட்டால், கொஞ்ச தூரம் போவதற்குள் அவை சிதறிவிடும். அந்த ரவைகளை மெல்லிய கம்பிக் கூடுக்குள் அடைத்துவிட்டால் அதிக தூரம் ஒன்றாகப் போகும். இந்த யோசனைக்கு வேறொருவர் காப்புரிமை வாங்கியிருந்தார். ஈலி சகோதரர்கள் அதைத் தங்கள் கைக்குக் கொண்டுவந்து வியாபாரமாக்கினார்கள்.

அடுத்து வந்தது கேப். உங்கள் கேள்விக்கான பதிலே இதில்தான் இருக்கிறது, கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

தீபாவளிக்குப் பிள்ளைகள் பொம்மைத் துப்பாக்கியில் சுருள் கேப் வெடிப்பார்களே, அது ஏன் கேப்? துப்பாக்கிக் கேப் உண்மையிலேயே ஒரு தொப்பி. மிளகைவிடக் கொஞ்சம் பெரிய செம்புத் தொப்பி. அதன் உள்பக்கத்தில் துளி மருந்து ஒட்டியிருக்கும். துப்பாக்கியின் பின்புறத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் குழாய்முனையில் இதைக் கவிழ்த்து வைப்பார்கள். விசையை இழுத்தால் சின்னச் சுத்தியல் போன்ற பகுதி வந்து தொப்பியின் தலையில் அடிக்கும். உள்ளே மருந்து வெடித்து, நெருப்பு குழாய் வழியாகப் போய்க் குழலிலிருக்கும் கருமருந்தைப் பற்றவைக்கும். அதற்கு முன்னால் சக்கிமுக்கிக் கல்தான். கல் உரசிப் பொறி பறந்து, வெளியே கிண்ணியிலிருக்கும் மருந்து பற்றி, அப்புறம்தான் உள்ளே வெடிக்கும். மழை பெய்தால் போச்சு. கிண்ணியில் தீ மின்னுவதைப் பார்த்துப் பறவையும் பறந்துவிடும். வேட்டைப் பிரியரான ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சைத்துக்கு இது பொறுக்கவில்லை. அடித்தால் வெடிக்கும் மருந்தை வைத்து 1807ல் அவர் காப்புரிமை வாங்கிய பொறியமைப்பிலிருந்துதான் இந்தத் தொப்பி வரை எல்லாம் வந்தது.

தொப்பிக்குள் இருந்த மருந்து பாதரச ஃபல்மினேட். தட்டினாலும் வெடிக்கும், உரசினாலும் வெடிக்கும், சூடு பட்டாலும் வெடிக்கும். துப்பாக்கிக்குள் அது துளிதான். தொழிற்சாலையில் அப்படியில்லை, அங்கே குவியலாகக் கையாள வேண்டும். 1841ல் அப்படிக் கையாண்டபோது வெடித்து வில்லியம் ஈலி இறந்தார். கம்பெனியைத் தொடங்கியவரே தன் சரக்கின் மூலப்பொருளால் போனார். மகன்கள் தொழிலைக் கையில் எடுத்துக்கொண்டார்கள்.

இப்போது பிராட் தெரு. ஈலியின் கேப் தொழிற்சாலை இருந்தது அங்கேதான். அந்தக் காலராவை ஆராய்ந்த டாக்டர் ஜான் ஸ்னோ 1855ல் வெளியிட்ட ஆய்வில் இந்தத் தொழிற்சாலையைப் பற்றி எழுதியிருக்கிறார். சுமார் இருநூறு பேர் அங்கே வேலை பார்த்தார்கள். குடிப்பதற்காகத் தெருப் பம்பிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து இரண்டு தொட்டிகளில் நிரப்பிவைப்பது வழக்கம். யார் வேண்டுமானாலும் மொண்டு குடிக்கலாம். அந்தக் காலத்து முதலாளிகளில் தொழிலாளிக்குத் தண்ணீர் வைத்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? நல்லது நினைத்துச் செய்த காரியம். பதினாறு ஆண்கள், இரண்டு பெண்கள், மொத்தம் பதினெட்டுப் பேர் அவரவர் வீட்டுக்குப் போய் இறந்தார்கள். அதே தெருவில் ஒரு பீர் ஆலை இருந்தது. அங்கே எழுபது பேருக்கு மேல் வேலை பார்த்தார்கள், யாரும் சாகவில்லை. அவர்களுக்குக் குடிக்க பீர் கிடைத்தது, ஆலைக்குள்ளேயே கிணறும் இருந்தது, தெருப் பம்பு தேவைப்படவில்லை.

அப்புறம் அந்த அம்மா. பெயர் சூசன்னா ஈலி. வெடித்து இறந்த வில்லியமின் மனைவி, வயது ஐம்பத்தொன்பது. பிராட் தெருவை விட்டு ஊருக்கு வெளியே ஹாம்ஸ்டெட் பக்கம் குடிபோய்விட்டார். மேடான இடம், நல்ல காற்று, காலரா எட்டிப் பார்க்காத பகுதி. ஆனால் பழகிய பம்புத் தண்ணீரின் ருசி அவருக்கு வேறு எங்கும் கிடைக்கவில்லை. நம் வீடுகளிலும் இது உண்டு. மகன் வீட்டுக்குப் பட்டணம் வந்த அம்மா, ஊர்க் கிணற்றுத் தண்ணீர் மாதிரி வராது என்று சொல்லிக்கொண்டே இருப்பார். பிராட் தெருவிலிருந்து அந்தப் பக்கம் தினமும் ஒரு வண்டி போகும். அதில் ஒரு பெரிய பாட்டில் பம்புத் தண்ணீரும் போகும். ஆகஸ்ட் 31, வியாழக்கிழமை எடுத்துப்போன தண்ணீரை அன்று சாயங்காலமும் மறுநாளும் குடித்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் காலரா கண்டது. சனிக்கிழமை, செப்டம்பர் 2, இறந்துபோனார். அவரைப் பார்க்க வந்திருந்த ஓர் உறவுப் பெண்ணும் அதே தண்ணீரைக் குடித்துவிட்டு இஸ்லிங்டனில் இருந்த தன் வீட்டுக்குத் திரும்பினாள். அவளும் இறந்தாள். அவள் வீட்டுப் பக்கத்தில் யாருக்குமே அப்போது காலரா இல்லை.

இந்த இரண்டு மரணங்களும் ஸ்னோவுக்குக் கிடைத்த மிக வலுவான சான்றுகள். கெட்ட காற்றால்தான் காலரா வருகிறது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. ஆறு கிலோமீட்டர் தள்ளி நல்ல காற்றில் இருந்தவர், மாதக்கணக்காக பிராட் தெருப் பக்கமே வராதவர், அந்தத் தெருவின் தண்ணீரால் மட்டும் இறந்தார் என்றால் காற்றின் மேல் பழி போட வழியில்லை. ஸ்னோவிடம் இந்த விவரத்தைச் சொன்னவர் அந்த அம்மாவின் மகன். நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பது அந்தச் சந்திப்பைத்தான். அம்மாவுக்குப் பிடிக்கும் என்று அனுப்பிய தண்ணீர். ஒரு டாக்டர் வந்து கேட்டபோது அதை மறைக்காமல், எந்தக் கிழமை, எந்த வேளை என்று நாள் பிசகாமல் சொல்லியிருக்கிறார். அவர் சொல்லாமல் இருந்திருந்தால் அந்தச் சான்று இல்லை. பதினெட்டுத் தொழிலாளர்களின் பெயர்களை ஸ்னோ எழுதவில்லை, எண்ணிக்கை மட்டும்தான் இருக்கிறது. அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

ராணுவத்துக்குத் தோட்டா செய்தவர்களா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆமாம், செய்தார்கள். 1866ல் பிரிட்டிஷ் ராணுவம் ஸ்னைடர் ரைஃபிளுக்கு மாறியபோது, மருந்து, குண்டு, கேப் மூன்றும் ஒரே பித்தளைக் கூட்டுக்குள் அடங்கிய பாக்ஸர் தோட்டா வந்தது. 1857ல் நம் சிப்பாய்கள் பல்லால் கடிக்க மறுத்த காகிதத் தோட்டாவின் காலம் அதோடு முடிந்தது. பாக்ஸர் தோட்டாவை ஈலி பெரிய அளவில் செய்தார்கள். அந்த நூற்றாண்டின் மற்ற சரக்குகளையும் கேட்டால் பட்டியல் நீளும். பக்கவாட்டில் ஊசி நீட்டிக்கொண்டிருக்கும் பிரெஞ்சு முறைத் தோட்டா, வெப்லி ரிவால்வருக்கு .455 (இந்தப் புள்ளி எண்கள் தோட்டாவின் குறுக்களவு, அங்குலக் கணக்கில்), '12 போர்' என்ற குழல் அளவுக்கான வேட்டைத் தோட்டாக்கள், அவற்றில் 'கேஸ்டைட்' என்று பேர்பெற்ற ரகம், சின்ன .410. கம்பெனி 1874ல் பங்கு நிறுவனமாக மாறியது. வட லண்டன் எட்மன்டனில் பெரிய தொழிற்சாலை நடத்தினார்கள். முதல் உலகப் போரில் ராணுவத்தின் .303 தோட்டாவும் செய்தார்கள். அவை எங்கெங்கே போய், யார் யார் உடம்பில் பாய்ந்தன என்பதற்குக் கணக்கு கிடையாது. விளையாட்டுத் தோட்டா செய்கிறவர்கள்தானே என்று அதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை.

போர் முடிந்ததும் ஆர்டர் நின்றது. 1918ல் பிரிட்டனின் வெடிமருந்துக் கம்பெனிகள் பல ஒன்றாகச் சேர்ந்தன. அது 1920ல் நோபல் இண்டஸ்ட்ரீஸ் என்று பெயர் மாறி, 1926ல் ஐ.சி.ஐ. என்ற பெரிய ரசாயன நிறுவனத்துக்குள் போனது. லண்டன் வேலையெல்லாம் பர்மிங்காம் பக்கத்து விட்டனுக்கு மாறியது. அது கைனாக் என்ற இன்னொரு தோட்டாக் கம்பெனியின் இடம். அந்த இடத்துக்கும் ஒரு வெடிவிபத்துக் கதை உண்டு. பர்மிங்காம் நகருக்குள் கேப் செய்த ஒரு தொழிற்சாலை 1859ல் வெடித்துப் பலர் இறந்த பிறகுதான், இந்தத் தொழில் ஊருக்கு வெளியே விட்டனுக்குப் போனது. நம் மலைத்தோட்டப் பகுதிகளில் பழைய வீட்டுப் பரண்களில் 12 போர் காலித் தோட்டா கிடைத்தால் அடிப்பக்கப் பித்தளையைப் பாருங்கள். 'ஈலி-கைனாக்' என்று பொறித்திருக்கலாம். என் சின்ன வயதில் பக்கத்து வீட்டுத் தாத்தா ஒன்றைப் பேனா தாங்கியாக மேசையில் வைத்திருந்தார். அந்த எழுத்துகளைத் தடவிப் பார்த்திருக்கிறேன், பொருள் தெரியாமல்.

இன்று ஈலி பர்மிங்காம் பக்கத்தில் மின்வொர்த்தில் இருக்கிறது. வேட்டைத் தோட்டாப் பிரிவு தனியாகப் பிரிந்து வேறு கைக்குப் போய்விட்டது. ஈலி செய்வது .22 மட்டும்தான். டெனெக்ஸ், மேட்ச், டீம், கிளப், ஸ்போர்ட் என்று ரகங்கள் பல, ஆனால் அளவு ஒன்று. ஒரு காலத்தில் எல்லாத் துப்பாக்கிக்கும் தோட்டா செய்தவர்கள் ஒரே அளவில் வந்து நின்றது நல்ல முடிவு என்று நினைக்கிறேன். அந்த ஒன்றிலேயே அவ்வளவு வேலை இருக்கிறது.

போன வருடம் ஒரு நண்பரின் மகன் பயிற்சி செய்வதைப் பார்க்கப் போனபோது ஒரு தோட்டாவைக் கையில் வாங்கிப் பார்த்தேன். முழு நீளமே 25 மில்லிமீட்டர் அளவுதான். முனையில் 2.6 கிராம் ஈயம். விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. டெனெக்ஸ் போன்ற மேல் ரகங்களில் தேன்மெழுகும் கொழுப்பும் கலந்த பூச்சு, கீழ் ரகங்களில் பாரஃபின் மெழுகு. இந்தத் தோட்டாவில் தனிக் கேப் கிடையாது. அடிப்பக்கத்தில் விளிம்பு மடிந்திருக்கிறது பாருங்கள், அந்த மடிப்புக்குள் சுற்றிலும் மருந்து இருக்கும். ஊசி விளிம்பின் ஓரிடத்தில்தான் அடிக்கும். மருந்து ஒரு பக்கம் கூடவும் ஒரு பக்கம் குறையவும் இருந்தால் தோட்டாவுக்குத் தோட்டா வேகம் மாறும். 50 மீட்டரில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர், நம் ஒரு ரூபாய் நாணயத்தில் பாதி அகலம். வேகம் மாறினால் அதைத் தொட முடியாது. ஸ்வப்னில் குசாலே 2024ல் பாரிஸில் வெண்கலம் வாங்கிய போட்டியும் இதே தூரம், இதே அளவுத் தோட்டாதான்.

வேகத்தையும் நொடிக்கு 330 மீட்டர் அளவில், ஒலியின் வேகத்துக்குச் சற்றுக் கீழே வைக்கிறார்கள். ஒலியைத் தாண்டிப் போய், வழியில் வேகம் குறைந்து மறுபடி கீழே வரும்போது குண்டு ஆட்டம் காணும். அதைத் தவிர்க்கத்தான். பெரிய போட்டியாளர்கள் தங்கள் ரைஃபிளையே தொழிற்சாலைக்கு எடுத்துப் போய், அதை இறுக்கிப் பொருத்தி, ஒவ்வொரு உற்பத்தித் தொகுதியிலும் சுட்டுப் பார்த்து, தங்கள் குழலுக்கு ஒத்துப்போகும் தொகுதியாக வாங்குகிறார்கள். பெட்டியில் தொகுதி எண் அச்சிட்டிருப்பது இதற்காகத்தான். அடுத்த முறை மகளின் பெட்டியில் பாருங்கள். நன்றாகச் சுட்ட எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டால், கடையில் அதே எண்ணைக் கேட்கலாம்.

இன்னொன்று. ஈலியின் இன்றைய முறையில் விளிம்பு மருந்தை முன்கூட்டியே வெடிக்கும் நிலையில் குவித்து வைப்பதில்லை. வெடிக்காத உலர்ந்த பொருட்களைத் தோட்டாக் கூட்டுக்குள் போட்டு, அங்கேயே தண்ணீர் சேர்க்கிறார்கள். உள்ளேயேதான் அது வெடிமருந்தாக மாறுகிறது. வில்லியம் ஈலியைக் கொன்ற குவியல் இப்போது யார் கைக்கும் கீழே இல்லை. இதைப் படித்தபோது எனக்கு ஒரு நிமிடம் பேச்சு வரவில்லை.

மகளிடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண்ணுக்கு இது புரியும். ராணுவத் தோட்டாவையும் சொல்லுங்கள், சூசன்னா ஈலியையும் சொல்லுங்கள். கூடவே ஒரு காரியத்தையும் கட்டாயமாக்குங்கள். .22 குண்டு ஈயம், விளிம்பு மருந்திலும் பெரும்பாலும் ஈயம் உண்டு. விரலில் ஒட்டும் அந்தப் பிசுபிசுப்போடு அது வாய்க்குப் போகும். சுட்டு முடித்ததும் முதலில் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். அதற்குப் பிறகு தண்ணீர் பாட்டிலைத் தொடட்டும்.

அன்புடன்.