மச்சான் பங்குக்கும் சேர்த்து நானே கடன் வாங்கி ஏதென்ஸில் ஃப்ளாட் வாங்கலாமா?

கேள்வி: "எனக்கு வயது 45. மகளுக்கு 17, மகனுக்கு 14. குடியிருக்கும் வீட்டின் கடனை இரண்டு வருடத்துக்கு முன்னால்தான் அடைத்தேன். யூரோவில் கணக்கிட்டால் ஒன்றரை லட்சம் சேமிப்பு இருக்கிறது. மனைவியின் அண்ணன் ஒரு வருடமாக கிரீஸ் கோல்டன் விசாவைப் பற்றியே பேசுகிறார். ஏதென்ஸில் 2.5 லட்சம் யூரோவுக்கு ஒரு ஃப்ளாட்டை இருவர் பெயரிலும் வாங்கினால் இரண்டு குடும்பத்துக்கும் விசா கிடைக்கும், ஏழு வருடத்தில் பாஸ்போர்ட்டும் வந்துவிடும் என்கிறார். அவர் பங்கை இப்போதைக்கு என் வீட்டை அடமானம் வைத்து எடுக்க வேண்டுமாம், தொழில் சீரானதும் தவணையை அவரே கட்டுவாராம். 1.25 லட்சம் யூரோ அளவுக்கு 9 சதவீத வட்டியில் 15 வருடக் கடன் தர வங்கி தயார். ஏஜென்ட் மூன்று வருடத்துக்கு 5 சதவீத வாடகை உறுதி என்று எழுதித் தருகிறார். 5,000 யூரோ முன்பணம் கொடுத்துவிட்டேன். நான்கு வருடத்துக்கு முன்னால் மச்சானின் லாரிக் கடனுக்கு ஜாமீன் போட்டு எட்டுத் தவணை நானே கட்டியதால் மனைவி பயப்படுகிறார். பிள்ளைகளின் எதிர்காலத்துக்காகத்தான் கேட்கிறேன். என்ன செய்யலாம்?"

பதில்: உங்கள் மனைவி பயப்படுவது சரி. ஒரு நாட்டில் குறிப்பிட்ட தொகைக்குச் சொத்து வாங்கியோ வேறு வழியிலோ முதலீடு செய்பவருக்குக் கிடைக்கும் தங்கும் அனுமதிதான் கோல்டன் விசா, உங்களுக்கு அது ஒரு வருடமாகக் கேட்டுக் கேட்டு மனப்பாடமாகியிருக்கும். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

கிரீஸ் சட்டப்படி ஒரு சொத்து இரண்டு பேர் பெயரில் இருந்தால், அந்த இருவரும் கணவன் மனைவியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொருவருடைய பங்கும் தனியாகவே குறைந்தபட்ச முதலீட்டுத் தொகையைத் தொட வேண்டும். நீங்களும் மச்சானும் ஆளுக்கு 1.25 லட்சம் போட்டு வாங்கினால் உங்களுக்கும் விசா இல்லை, அவருக்கும் இல்லை. உங்கள் பெயரில் மட்டும் வாங்கினால் மனைவி, 21 வயதுக்குள் இருக்கும் பிள்ளைகள், உங்கள் பெற்றோர், மனைவியின் பெற்றோர் வரை வரலாம். மாமியாருக்கு இடம் உண்டு, மச்சானுக்குக் கிடையாது. இதை அவரிடம் சொன்னதும் "அப்படியென்றால் என் பெயரிலேயே வாங்கிவிடுவோம்" என்று ஒரு பேச்சு வரலாம். அதற்கு இப்போதே தயாராக இருங்கள்.

அடுத்து, நீங்கள் இணைத்து அனுப்பிய முன்பதிவுப் படிவத்தின் நகல். முதல் மூன்று பக்கமும் பளிங்கு சமையலறையும் பால்கனியும்தான். நான்காவது பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில், "தற்போதைய பயன்பாடு: அலுவலகம். மாற்ற அனுமதிக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது" என்று இருக்கிறது. அந்த வரியைப் படித்தீர்களா? 2024 செப்டம்பர் 1 முதல் ஏதென்ஸ் அடங்கிய அட்டிகா பகுதியில் குறைந்தபட்ச முதலீடு 8 லட்சம் யூரோ. தெசலோனிகி, மைக்கோனோஸ், சாண்டோரினி, மக்கள்தொகை 3,100-ஐத் தாண்டிய தீவுகள் எல்லாவற்றுக்கும் அதே தொகைதான், மற்ற இடங்களில் 4 லட்சம். சொத்து வாங்கும் வழியில் 2.5 லட்சத்துக்கு இன்னும் இடம் இருப்பது, கடை, அலுவலகம் போன்ற வணிகக் கட்டிடத்தை வீடாக மாற்றியதற்கோ, பாதுகாக்கப்பட்ட பழைய கட்டிடத்தைப் புதுப்பிப்பதற்கோ மட்டும். அந்த மாற்றமும் விசா விண்ணப்பத்துக்கு முன்னாலேயே முடிந்திருக்க வேண்டும். உங்கள் ஃப்ளாட் காகிதத்தில் இன்னும் அலுவலகம்தான். அனுமதி இழுத்தடித்தால் பணம் ஏதென்ஸில் முடங்கிக் கிடக்கும், தவணை மட்டும் மாதம் தவறாமல் வந்து நிற்கும்.

படிவத்தில் பரப்பு 42 சதுர மீட்டர் என்று இருக்கிறது. அப்படியானால் ஒரு சதுர மீட்டர் கிட்டத்தட்ட 5,950 யூரோ. ஸ்பிட்டோகாட்டோஸ் என்ற கிரேக்க வீட்டு விளம்பரத் தளத்தில் அதே தெருவில் சாதாரண ஃப்ளாட் என்ன விலைக்குப் போகிறது என்று பாருங்கள், பத்து நிமிட வேலை. 2.5 லட்சம் என்ற வாசல் இருப்பதாலேயே அந்தத் தொகைக்கு விலையைத் தூக்கி நிறுத்துவார்கள். "உறுதி வாடகை"யும் அப்படித்தான். வருடம் 12,500 வீதம் மூன்று வருடத்துக்கு 37,500 யூரோ தருகிறேன் என்பவர், அதை முதலிலேயே விலையில் ஏற்றி வைத்திருந்தால் உங்கள் பணத்தை உங்களுக்கே தவணையில் திருப்பித் தருகிறார் என்றுதான் அர்த்தம். இந்த மாதிரி உத்தரவாதங்களைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது.

சரி, கணக்கைத் தோராயமாகப் போடுவோம். ஃப்ளாட் 2,50,000. பத்திர மாற்று வரி 3 சதவீதத்துக்குச் சற்று மேல், அது 7,700. வக்கீல், நோட்டரி, பதிவு, தரகு எல்லாம் சேர்த்து 12,000 என்று வையுங்கள். விண்ணப்பக் கட்டணம் உங்களுக்கு 2,000, மனைவிக்கு 150. மொத்தம் 2,72,000-ஐத் தொடுகிறது. உங்கள் சேமிப்பு 1,50,000, கடன் 1,25,000, ஆக மிச்சம் 3,000. இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு 3,000 யூரோவில் நிற்கப் போகிறீர்கள். கடனுக்கு மாதத் தவணை சுமார் 1,270, வருடத்துக்கு 15,240. பதினைந்து வருடத்தில் வட்டி மட்டும் ஒரு லட்சத்தைத் தாண்டும்.

உத்தரவாதம் முடிந்த பிறகு மாதம் 650 வாடகை வருகிறது, வருடத்தில் ஒரு மாதம் காலி என்று வைத்துக்கொள்வோம், 7,150. அங்கே வாடகை வருமானத்தில் முதல் 12,000 யூரோவுக்கு வரி 15 சதவீதம், அதில் 1,070 போகும். எம்ஃபியா என்ற வருடாந்தரச் சொத்து வரி, கட்டிடப் பராமரிப்பு, பார்த்துக்கொள்பவர் கூலி எல்லாம் 1,200 ஆகட்டும். கையில் நிற்பது 4,900 போல. தவணையில் மீதி 10,300 உங்கள் சம்பளத்தில் இருந்துதான் போக வேண்டும், மாதம் 860. ஏர்பிஎன்பி-யில் விட்டு அதிகம் சம்பாதிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இந்த விசாவுக்காக வாங்கிய வீட்டைச் சுற்றுலாப் பயணிகளுக்குக் குறுகிய கால வாடகைக்கு விடத் தடை இருக்கிறது, மீறினால் 50,000 யூரோ அபராதம், அனுமதியும் ரத்து.

இவ்வளவும் பிள்ளைகளுக்காக என்கிறீர்கள். ஆனால் இந்த அனுமதியை வைத்துக்கொண்டு கிரீஸிலேயே சம்பள வேலைக்குப் போக முடியாது. தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத மற்ற ஐரோப்பிய நாடுகளில் (ஷெங்கன் நாடுகள்) 180 நாளில் 90 நாள் சுற்றி வரலாம், அங்கே தங்கிப் படிக்கவோ வேலை பார்க்கவோ அந்தந்த நாட்டு விசா தனியாக வேண்டும். பாஸ்போர்ட் வேண்டுமென்றால் ஏழு வருடம் உண்மையிலேயே அங்கே வாழ்ந்து, கிரேக்க மொழியும் வரலாறும் படித்துத் தேர்வு எழுத வேண்டும். வீட்டை வாங்கிப் பூட்டிவிட்டு வந்தால் அந்த ஏழு வருடம் தொடங்குவதே இல்லை. மகளுக்கு நான்கு வருடத்தில் 21 ஆகிவிடும், அதன் பிறகு சில வருடம் நீட்டிக்கலாம், அவ்வளவுதான்.

மகளை ஐரோப்பாவில் படிக்க வைக்க வேண்டுமென்றால் ஜெர்மனியைப் பாருங்கள். அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் கிடையாது. பாடன் வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வரும் மாணவர்களிடம் அரையாண்டுக்கு 1,500 யூரோ வாங்குகிறார்கள். மாணவர் விசாவுக்கு முடக்கக் கணக்கு என்ற தனி வங்கிக் கணக்கில் ஒரு வருடத்துக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும், அதையே மாதம் 992 வீதம் எடுத்து அவள் செலவு செய்துகொள்ளலாம். மூன்று வருடத்துக்கு சுமார் 36,000. படிப்பு முடிந்ததும் வேலை தேட 18 மாதம் தங்கும் அனுமதியும் கிடைக்கும். வீட்டை அடமானம் வைக்காமல், இப்போது கையில் இருக்கும் பணத்தின் கால்பங்கில் இது முடிகிறது. இளநிலைப் படிப்புகள் பலவும் ஜெர்மன் மொழியில்தான், அதனால் மொழி வகுப்பை இந்த மாதமே தொடங்கச் சொல்லுங்கள்.

இனி மச்சான். கடிதத்தை மறுபடி படித்துப் பாருங்கள், விசா உங்களுக்குத் தேவை என்று ஒரு இடத்தில்கூட நீங்கள் எழுதவில்லை, அவர் சொல்கிறார் என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். லாரிக்கு ஜாமீன், இப்போது ஃப்ளாட்டுக்கு அடமானம். அவர் கெட்டவர் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் ஆசைப்படும் ஒவ்வொன்றுக்கும் உங்கள் வீட்டுப் பத்திரம் பிணையாகப் போகிறது, அந்தப் பழக்கம்தான் உங்களைக் கெடுக்கிறது. தவணை நின்றால் வங்கி உங்கள் கதவைத்தான் தட்டும்.

"சீக்கிரம் மூடிவிடுவார்கள்" என்று அவசரப்படுத்துவார்கள். மூடுவது உண்மைதான். பிரிட்டன் 2022-லும், அயர்லாந்து 2023-லும், ஸ்பெயின் 2025 ஏப்ரலிலும் மூடின. போர்ச்சுகல் 2023 அக்டோபரில் வீட்டு வழியை மட்டும் அடைத்தது. உபரிப் பணம் உள்ளவருக்கு அது ஒரு தகவல். கடன் வாங்கிப் போகிறவர் அதைக் கேட்டு ஓடக் கூடாது, விதி அடுத்த வருடம் எப்படி மாறினாலும் அவருடைய தவணை மாறாது.

இந்த வாரமே வங்கியிடம் கடன் வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள், வாயால் சொன்னால் போதாது. ஏஜென்டுக்கு மின்னஞ்சலில், பயன்பாட்டு மாற்றம் முடியாத சொத்து என்பதைக் குறிப்பிட்டு 5,000 யூரோவைத் திரும்பக் கேளுங்கள். படிவத்தில் எந்த நிபந்தனையில் முன்பணம் திரும்பும் என்று ஒரு பத்தி இருக்க வேண்டும், நீங்கள் அனுப்பிய நகலில் ஐந்தாம் பக்கம் இல்லை, அதைத் தேடி எடுங்கள். திரும்ப வராவிட்டாலும் 5,000-ஓடு நிற்கட்டும், அதைக் காப்பாற்ற இரண்டே முக்கால் லட்சத்தை இறக்க வேண்டாம். அப்புறம் மச்சானிடம் மனைவியையும் உட்கார வைத்துக்கொண்டு பேசுங்கள். கூட்டுப் பெயரில் விசா கிடைக்காது என்ற சட்டத்தை முதலில் சொல்லுங்கள், பாதி மனக்கசப்பு அதிலேயே குறையும். லாரிக்காக நீங்கள் கட்டிய எட்டுத் தவணைக்கு ஒரு தேதியும் அன்றே கேட்டு வாங்குங்கள்.