வாசகர் கேள்வி பதில்: 165 ஹெர்ட்ஸ் மானிட்டரில் 60 மட்டும் தெரிவது ஏன்?

கேள்வி: என் காக்கா (அண்ணன்) துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது எனக்காக 27 அங்குல கேமிங் மானிட்டர் ஒன்றைக் கொண்டு வந்தார். 2560×1440 பிக்சல், 165 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 165 முறை படத்தைப் புதுப்பிக்கும் வேகம்) என்று பெட்டியில் அச்சிடப்பட்டுள்ளது. சில ஆண்டுகளுக்கு முன் வாங்கிய கேமிங் லேப்டாப்பில் எச்டிஎம்ஐ கேபிள் வழியாக இணைத்தேன். 60 ஹெர்ட்ஸுக்கு மேல் வரவில்லை. மானிட்டருடன் வந்த டிஸ்ப்ளேபோர்ட் கேபிளைப் பயன்படுத்த எண்ணி, லேப்டாப்பின் எச்டிஎம்ஐ துளையில் செருகும் சிறிய கன்வெர்ட்டர் ஒன்றையும் வாங்கினேன். அதில் படமே வரவில்லை. மதுரைக்குப் போய் விலை உயர்ந்த எச்டிஎம்ஐ கேபிள் வாங்கினால் சரியாகிவிடுமா, ஐயா?
– வாசகர், கீழக்கரை

பதில்: கேபிளுக்காக இப்போதே மதுரைக்குப் பேருந்து ஏற வேண்டாம். உங்கள் கடிதத்தைப் படித்த அளவில், தடை கேபிளில் இருப்பதை விட லேப்டாப்பின் எச்டிஎம்ஐ போர்ட்டில் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். அதைச் செலவில்லாமல் வீட்டிலேயே சோதித்துப் பார்த்துவிடலாம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். உங்கள் திரையில் 36,86,400 பிக்சல்கள் உள்ளன. ஒவ்வொரு பிக்சலின் நிறத்துக்கும் 24 பிட் தேவை என்பதால், நொடிக்கு 60 முறை படத்தை அனுப்ப ஏறத்தாழ 5.3 கிகாபிட்டும், 144 முறை அனுப்ப 12.7 கிகாபிட்டும், 165 முறை அனுப்ப 14.6 கிகாபிட்டும் வேண்டும். படங்களுக்கு இடையே விடப்படும் இடைவெளிக்காக இவற்றுடன் இன்னும் சிறிது சேரும். எச்டிஎம்ஐ 1.4 போர்ட் நொடிக்கு 8.16 கிகாபிட் அளவுக்கே படத் தரவைக் கடத்தும். 2013-ல் வந்த எச்டிஎம்ஐ 2.0 கடத்துவது 14.4 கிகாபிட், 2010-ல் வெளியான டிஸ்ப்ளேபோர்ட் 1.2 கடத்துவதோ 17.28 கிகாபிட். 1440 வரிசைப் பிக்சல் கொண்ட பல மானிட்டர்கள் எச்டிஎம்ஐ வழியாக 144 ஹெர்ட்ஸும் டிஸ்ப்ளேபோர்ட் வழியாக 165 ஹெர்ட்ஸும் தருவதன் காரணம் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. பெட்டியின் மேல் பெரிதாக அச்சிடப்படும் எண், மானிட்டரின் மிக வேகமான போர்ட்டுக்கு உரியது.

இனி சோதனை. விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்ற வரிசையில் சென்று, மேலே உள்ள பட்டியலில் வெளி மானிட்டரைத் தேர்ந்தெடுத்து, ரெஃப்ரெஷ் ரேட் பட்டியலைத் திறந்து பாருங்கள். பட்டியலில் 144 இருந்தும் 60 தேர்வாகிக் கிடப்பதை நான் பலரிடம் கண்டிருக்கிறேன். அப்படியானால் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும். இல்லையெனில், விண்டோஸ் விசையுடன் பி விசையை அழுத்தி, டூப்ளிகேட் முறையை விடுத்து, இரண்டாம் திரை மட்டும் என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒரே படத்தை இரு திரைகளுக்கும் அனுப்பும்போது, 60 ஹெர்ட்ஸ் லேப்டாப் திரையின் வேகத்துக்கு வெளி மானிட்டரும் கட்டுப்பட நேரலாம். அப்போதும் மாற்றம் இல்லையென்றால், ரெசல்யூஷனை 1920×1080 ஆகக் குறைத்துவிட்டு அதே பட்டியலை மீண்டும் பாருங்கள். இப்போது 120 அல்லது 144 தோன்றி, 1440-க்குத் திரும்பியதும் அது மறைந்துவிடுமானால், உங்கள் போர்ட் எச்டிஎம்ஐ 1.4 என்று பெரும்பாலும் உறுதி கொள்ளலாம். அதில் எவ்வளவு விலை கொடுத்த கேபிளைச் செருகினாலும் பயனில்லை.

லேப்டாப்பில் சக்திவாய்ந்த என்விடியா கிராபிக்ஸ் சிப் இருந்தும் போர்ட் பழையதாக இருப்பது எப்படி என்ற ஐயம் எழலாம். பல லேப்டாப்களில் எச்டிஎம்ஐ துளை, தனி கிராபிக்ஸ் சிப்புடன் இணைக்கப்படாமல், செயலிக்குள் இருக்கும் இன்டெல் கிராபிக்ஸுடன் இணைக்கப்பட்டிருக்கும். யூஎச்டி 630 போன்ற பழைய இன்டெல் கிராபிக்ஸ், இடையில் கூடுதல் சிப் வைக்கப்படாவிட்டால், எச்டிஎம்ஐ 1.4 அளவையே தரும். என்விடியா கன்ட்ரோல் பேனலில் பிசிக்ஸ் (PhysX) அமைப்புப் பக்கத்தைத் திறந்தால், எந்த மானிட்டர் எந்தச் சிப்புடன் இணைந்திருக்கிறது என்பது படமாகவே தெரியும்.

நீங்கள் வாங்கிய கன்வெர்ட்டர் பழுதானதாக இல்லாமலும் இருக்கலாம். டிஸ்ப்ளேபோர்ட் துளைகளில் பெரும்பாலானவை எச்டிஎம்ஐ சிக்னலையும் அனுப்ப வல்லவை. எச்டிஎம்ஐ துளைக்கோ டிஸ்ப்ளேபோர்ட் சிக்னலை அனுப்பத் தெரியாது. ஆகவே எளிய கன்வெர்ட்டர்கள் கணினியின் டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐ திரைக்கு என்ற ஒரே திசையில்தான் வேலை செய்யும். வாங்கிய கடையில் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

உங்களுக்கு நல்ல வழி திறக்கக்கூடிய இடம் யூஎஸ்பி-சி துளை. அதன் அருகில் ‘டி’ எழுத்துக்குள் ‘பி’ அமைந்த குறியோ, மின்னல் குறியோ இருக்கிறதா என்று பாருங்கள். குறி இல்லாவிட்டாலும், லேப்டாப்பின் மாடல் எண்ணை வைத்து அதன் கையேட்டில் டிஸ்ப்ளேபோர்ட் வசதி குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால், யூஎஸ்பி-சியிலிருந்து டிஸ்ப்ளேபோர்ட்டுக்குச் செல்லும் ஒற்றைக் கேபிள் போதும். 165 ஹெர்ட்ஸ் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. இல்லையென்றால், வேகமான துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளுக்கு 1920×1080-ல் 120 அல்லது 144 வைத்துக்கொண்டு, மற்ற நேரங்களில் 1440-ல் 60 வைத்துக்கொள்ளுங்கள். 1920×1080-ல் 27 அங்குலத் திரையில் படம் சற்று மங்கலாகத் தெரியும் என்றாலும், அத்தகைய விளையாட்டுக்கு வேகமே முக்கியம் என்பது என் கருத்து. 60-லிருந்து 144-க்கு உயரும்போது இரு படங்களுக்கு இடையிலான நேரம் 16.7 மில்லிநொடியிலிருந்து 6.9 ஆகக் குறைகிறது. இது கைக்கும் கண்ணுக்கும் நன்றாகவே தெரியும். 144-க்கும் 165-க்கும் உள்ள வேறுபாடு ஒரு மில்லிநொடிக்கும் குறைவு. அதற்காகக் காசு செலவழிக்க வேண்டாம்.

கேள்வி: எங்கள் வீடு கடலை ஒட்டி உள்ளது. ஓராண்டாக 144 ஹெர்ட்ஸில் ஒழுங்காக ஓடிய மானிட்டர், இப்போது அவ்வப்போது ஒரு நொடி கறுத்து மீள்கிறது. 60-ல் வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. மானிட்டர் கெட்டுவிட்டதா?
– வாசகர், மண்டபம்

பதில்: 60-ல் நிலையாக நிற்கும் திரை 144-ல் மட்டும் விட்டுவிட்டு மறைகிறது என்றால், முதலில் ஐயுற வேண்டியது கேபிளையும் அதன் முனைகளையும்தான். வேகம் கூடக் கூட, சிக்னலில் ஏற்படும் சிறு நலிவைக்கூட இணைப்பு தாங்காது. உங்கள் பகுதியில் உப்புக் காற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஈரத்தோடு வந்து படியும் உப்பு, கனெக்டரின் உலோகத் தகடுகளை மெல்ல அரிக்கும். மின்சாரத்தை நிறுத்தி, கேபிளின் இரு முனைகளையும் கழற்றி, ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட, நூல் பிரியாத துணியால் மெதுவாகத் துடைத்து, முழுதும் உலர்ந்த பின் செருகுங்கள். கத்தியாலோ உப்புத்தாளாலோ சுரண்டாதீர்கள். எண்ணெயும் விட வேண்டாம். பிறகு 120-ல் ஓட்டிப் பாருங்கள், நண்பரின் கேபிள் ஒன்றை இரவல் வாங்கியும் பாருங்கள். வேறு கேபிளில் தொல்லை மறைந்தால் மட்டும் புதியது வாங்குங்கள். நீளம் இரண்டு மீட்டருக்குள் இருக்கட்டும். எச்டிஎம்ஐ என்றால் 18 கிகாபிட்டுக்குச் சான்று பெற்ற ‘பிரீமியம் ஹை ஸ்பீடு’ ஒட்டுச்சீட்டைப் பாருங்கள். தங்க முலாம் அரிப்பைத் தாமதப்படுத்துமே தவிர வேகத்தைக் கூட்டாது. கடலைப் பார்த்த சன்னலிலிருந்து மேசையைத் தள்ளிப் போடுவதும், பயன்படுத்தாத துளைகளுக்கு ரப்பர் மூடி இடுவதும் உங்கள் ஊரில் கட்டாயம் செய்ய வேண்டியவை.

கேள்வி: பிளேஸ்டேஷன் 4 வைத்திருக்கிறேன். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கினால் விளையாட்டு வேகமாகுமா?
– வாசகர், தங்கச்சிமடம்

பதில்: ஆகாது. பிளேஸ்டேஷன் 4 மானிட்டருக்கு நொடிக்கு 60 படங்களுக்கு மேல் அனுப்பாது. ப்ரோ மாடலுக்கும் இதே வரம்புதான். பிளேஸ்டேஷன் 5 வாங்கும் எண்ணம் இருந்தால் அது வேறு பேச்சு. அது 120 ஹெர்ட்ஸ் வரை தரும். 1440 ரெசல்யூஷனும் 2022-ல் மென்பொருள் புதுப்பிப்பின் மூலம் அதற்குக் கிடைத்தது. ஆனால் அதில் டிஸ்ப்ளேபோர்ட் கிடையாது என்பதால், மானிட்டர் தன் எச்டிஎம்ஐ துளை வழியாக 120 ஹெர்ட்ஸை ஏற்குமா என்று விற்பவரிடம் கேட்டு, கையேட்டிலும் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.