கவுண்ட்டியின் வழக்கறிஞர் உங்கள் வழக்கறிஞர் அல்லர்

கேள்வி: நாங்கள் கலிஃபோர்னியாவில் வசிக்கிறோம். கடந்த நவம்பர் 6 அன்று சிக்னலில் நின்றிருந்த எங்கள் காரின் பின்புறம், கவுண்ட்டியின் (மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) சாலைப் பராமரிப்புத் துறை லாரி மோதியது. காரைச் சரிசெய்ய ஏறத்தாழ 9,000 டாலர் ஆனது. என் மனைவிக்குத் தோள்பட்டையில் அடிபட்டு, இன்னும் பிசியோதெரபி நடந்துகொண்டிருக்கிறது. டிசம்பரில் கவுண்ட்டியின் சட்ட அலுவலகத்துக்கு எல்லாவற்றையும் விவரித்துக் கடிதம் எழுதி, இழப்பீடு பெற வழி கேட்டேன். கவுண்ட்டிக்காகவே செயல்படுவதால் எனக்கு ஆலோசனை கூற இயலாது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி, மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகங்களும் கைவிரித்துவிட்டன. என் வரிப்பணத்தில் சம்பளம் வாங்கும் அரசு வழக்கறிஞர்கள் எனக்கு உதவ மறுக்கலாமா? இவர்கள் மீது எங்கே புகார் செய்வது?

பதில்: நீங்கள் கேட்காத ஒரு கேள்விக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் அதற்கு மட்டும்தான் கெடு இருக்கிறது. கலிஃபோர்னியாவில் கவுண்ட்டி, நகராட்சி போன்ற பொது அமைப்பிடம் உடற்காயத்துக்கோ கார் போன்ற அசையும் உடைமைக்கோ இழப்பீடு கேட்பவர், வழக்குப் போடுவதற்கு முன்பு, சம்பவம் நடந்த ஆறு மாதங்களுக்குள் அந்த அமைப்பிடமே எழுத்துமூலம் கோரிக்கை தாக்கல் செய்தாக வேண்டும். தனியார் லாரி மோதியிருந்தால் காயத்துக்கு வழக்குத் தொடர இரண்டு ஆண்டுகள் கிடைத்திருக்கும். கவுண்ட்டி லாரி என்பதால் உங்கள் கெடு மே 6 அன்று முடிகிறது. மார்ச் பிறந்துவிட்டது. ஆகவே புகாரைச் சற்றுத் தள்ளி வையுங்கள்.

டிசம்பரிலேயே கவுண்ட்டிக்கு எல்லாவற்றையும் எழுதிவிட்டோமே, அதுவே கோரிக்கையாகாதா என்று நீங்கள் எண்ணக்கூடும். அந்த நம்பிக்கையில் இருந்துவிடாதீர்கள். கோரிக்கை கவுண்ட்டியின் கிளார்க்கிடமோ செயலரிடமோ தணிக்கையாளரிடமோ கவுண்ட்டியை நிர்வகிக்கும் மேற்பார்வையாளர் குழுவிடமோ சேர வேண்டும் என்கிறது சட்டம். சான்டா கிளாரா கவுண்ட்டி மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒருவரின் வழக்கில், வழக்குத் தொடரப் போவதாகத் தெரிவிக்கும் கடிதம் மருத்துவமனை ஊழியர் ஒருவரின் கையில் கொடுக்கப்பட்டிருந்தது. கவுண்ட்டியின் இடர் மேலாண்மைத் துறைக்கும் செய்தி தெரிந்திருந்தது. ஆனாலும் சட்டம் குறிப்பிடும் நபர்களிடம் அது போய்ச் சேரவில்லை என்பதால் கோரிக்கையே தாக்கலாகவில்லை என்று 2012-இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உங்கள் கடிதத்தைச் சட்ட அலுவலகத்தில் யாராவது கிளார்க்குக்கு அனுப்பியிருந்தால் நல்லதுதான். அனுப்பினார்களா என்று நீங்களும் நானும் ஊகித்துக்கொண்டிருப்பதைவிட, முறையான கோரிக்கை ஒன்றை இந்த வாரமே தாக்கல் செய்வது எளிது.

இனி உங்கள் ஆதங்கத்துக்கு வருகிறேன். உங்களுக்குப் பதில் எழுதியவர் கவுண்ட்டி கவுன்சல் எனப்படும் அலுவலகத்தைச் சேர்ந்தவர். கலிஃபோர்னியாவின் 58 கவுண்ட்டிகளில் பெரும்பாலானவற்றில் இந்தப் பதவிக்கு வருபவரை மேற்பார்வையாளர் குழுதான் நியமிக்கிறது. குழுவுக்கும் துறைகளுக்கும் சட்ட ஆலோசனை கூறுவது, உள்ளூர்ச் சட்டங்களையும் ஒப்பந்தங்களையும் எழுதித் தருவது, குழந்தைகள் நலத்துறையின் சார்பில் நீதிமன்றத்தில் நிற்பது, கவுண்ட்டியின் மீது போடப்படும் உரிமையியல் வழக்குகளில் எதிர்வாதம் செய்வது ஆகியவை அவருடைய கடமைகள். நீங்கள் நாளை தொடரக்கூடிய வழக்கில் எதிர்த்தரப்பின் மேசையில் உட்காரப்போகிறவரும் அவர்தான். வரி செலுத்துகிறவர்கள் எல்லாரும் அவருடைய கட்சிக்காரர்கள் என்றால், உங்களுக்காக வாதாட வேண்டியவரும், உங்களுக்குத் தர வேண்டிய பணம் பொதுக் கருவூலத்திலிருந்து அளவுக்கு மிஞ்சிப் போகாமல் பார்க்க வேண்டியவரும் ஒரே ஆளாகிவிடுவார். அப்படி ஒருவரால் இரு தரப்புக்கும் உண்மையாக இருக்க முடியாது.

இது அவருடைய விருப்பத்தைப் பொறுத்ததும் அன்று. கலிஃபோர்னிய வழக்கறிஞர்களின் தொழில் ஒழுக்க விதிகளில் 1.13, ஓர் அமைப்புக்காக வாதாடுபவருக்கு அந்த அமைப்பே கட்சிக்காரர் என்கிறது. விதி 4.3, தன் கட்சிக்காரரின் நலனுக்கு முரணான நலனைக் கொண்ட, வழக்கறிஞர் வைத்துக்கொள்ளாத ஒருவருக்குச் சட்ட ஆலோசனை கூறுவதையே தடை செய்கிறது. வேறு வழக்கறிஞரை அமர்த்திக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்லலாம், அதையும் சொல்லியே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அந்த இரண்டு வரிப் பதில் இந்த விதிக்குக் கட்டுப்பட்டு எழுதப்பட்டது. மாநில வழக்கறிஞர் மன்றத்தில் நீங்கள் புகார் செய்தாலும் அது நிற்காது. என் பார்வையில், இனிக்க இனிக்கப் பேசி, 'கவலைப்படாதீர்கள், பார்த்துக்கொள்கிறோம்' என்று எழுதியிருந்தால்தான் நீங்கள் ஏமாந்து கெடுவைத் தவற விட்டிருப்பீர்கள்.

டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி முற்றிலும் வேறு. அவர் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை வாக்காளர்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர். குற்ற வழக்குகளைக் கலிஃபோர்னிய மக்களின் பெயரால் நடத்துபவர். குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்கூட அவருக்குக் கட்சிக்காரர் ஆவதில்லை. கவனக்குறைவாக ஓட்டிய லாரி மோதியது என்ற அளவில் உங்களுடையது உரிமையியல் விவகாரம், ஆகவே அதில் அவருக்கு வேலையில்லை. அட்டர்னி ஜெனரல் மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரி. டிஸ்ட்ரிக்ட் அட்டர்னிகளையும் ஷெரிஃபுகளையும் மேற்பார்வையிடும் அதிகாரத்தை மாநில அரசியலமைப்பு அவருக்குத் தந்திருக்கிறது. சட்டக் கேள்விகளுக்கு அவர் எழுத்துமூலம் கருத்துரை வழங்குவதுண்டு. ஆனால் அதைக் கேட்கும் உரிமை சட்டமன்ற உறுப்பினர்கள், மாநிலத் துறைகள், கவுண்ட்டி கவுன்சல் போன்றோருக்குத்தான், தனிநபருக்கு இல்லை.

இந்த வழக்கறிஞர்கள் மக்களுக்காக வாதாடுவதே இல்லையா என்றால், உண்டு. வீடுகளின் சுவர்களில் பூசப்பட்ட ஈயப் பெயின்டைப் பொதுத் தொல்லை எனக் கூறி சான்டா கிளாராவும் வேறு சில கவுண்ட்டிகளும் நகரங்களும் மக்களின் பெயரால் தொடர்ந்த வழக்கு, 2019-இல் 30.5 கோடி டாலர் உடன்பாட்டில் முடிந்தது. ஆனால் அங்கேயும் அவர்கள் வாதாடியது 'மக்கள்' என்ற மொத்தத்துக்காகவே. அந்த மொத்தத்தில் ஒருவரான உங்களுடைய தனிக் கணக்கைத் தீர்ப்பதற்காக அன்று. இந்தப் பதவிகளின் பெயரும் வேலையும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். டெக்சஸில் கவுண்ட்டி அட்டர்னி தேர்தலில் வெல்பவர், பல கவுண்ட்டிகளில் சிறு குற்ற வழக்குகளையும் நடத்துபவர். ஆகவே அங்குள்ள உறவினர் கூறும் அனுபவம் உங்களுக்குப் பொருந்தாது.

கோரிக்கையில் எழுத வேண்டியவை: உங்கள் பெயர், முகவரி, பதில் அனுப்ப வேண்டிய முகவரி, சம்பவம் நடந்த நாள், இடம், விதம், இழப்பின் விவரம், தெரிந்திருந்தால் ஓட்டுநரின் பெயர். கேட்கும் தொகை 10,000 டாலருக்குக் குறைவானால் தொகையையும் கணக்கிட்ட விதத்தையும் எழுத வேண்டும். அதற்கு மேற்பட்டால் தொகையை எழுதக் கூடாது. 35,000 டாலர் வரையிலான வரம்புக்குட்பட்ட உரிமையியல் வழக்கா, அதற்கு மேற்பட்டதா என்று மட்டும் குறிப்பிட வேண்டும். உங்கள் மனைவியின் காயத்துக்கு அவர் பெயரில் தனிக் கோரிக்கை எழுதி அவரே கையெழுத்திடட்டும். உங்கள் காருக்கான கோரிக்கைக்குள் அவருடைய தோள்பட்டையை அடக்கிவிட முடியாது, நீங்கள் கணவராகவே இருந்தாலும்.

தாக்கல் செய்த பின் 45 நாள்களுக்குள் கவுண்ட்டி முடிவெடுக்க வேண்டும். நிராகரிப்பு எழுத்தில் வந்தால், அது அஞ்சலில் சேர்க்கப்பட்ட அல்லது நேரில் தரப்பட்ட நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் வழக்குத் தொடர வேண்டும். அந்தக் கடிதத்தின் உறையையும் சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். கார் செலவை மட்டும் கேட்பதானால் 12,500 டாலர் வரை சிறு வழக்கு நீதிமன்றத்திலேயே முடித்துக்கொள்ளலாம். அங்கே கட்சிக்காரருக்காக வழக்கறிஞர் வாதாட அனுமதியில்லை என்பதால் கவுண்ட்டி கவுன்சலை நீங்கள் எதிர்கொள்ள நேராது. மனைவியின் காயத்துக்கு, சிகிச்சை இன்னும் முடியாத நிலையில், விபத்து இழப்பீட்டு வழக்கறிஞர் ஒருவரை இப்போதே பாருங்கள். ஏதோ காரணத்தால் மே 6 தவறினாலும், சம்பவத்திலிருந்து ஓராண்டுக்குள் தாமதத்தை மன்னிக்கக் கோரி விண்ணப்பிக்க ஒரு வழியுண்டு. ஆனால் 'எனக்குச் சட்டம் தெரியாது' என்பதை மட்டும் சொன்னால் பெரும்பாலும் ஏற்கமாட்டார்கள்.

கோரிக்கைகளை மேற்பார்வையாளர் குழுவின் கிளார்க் அலுவலகத்தில் நேரிலேயே கொடுங்கள். இரண்டு நகல்கள் கொண்டுபோய், ஒன்றில் தேதியுடன் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்கிக்கொண்டு திரும்புங்கள்.