பீட்டில்ஸ் காதும் ஸ்டோன்ஸ் காதும்

அன்புள்ள ஐயா,

நான் இருபது வருடமாக ஆங்கில ராக் குழுவான பீட்டில்ஸ் பைத்தியம். என் நண்பன் அதே காலத்து இன்னொரு குழுவான ரோலிங் ஸ்டோன்ஸ் கட்சி. ஒரு பாட்டின் மோனோ (ஒலி முழுதும் ஒன்றாக வருவது), ஸ்டீரியோ (ஒலி இடம் வலமாகப் பிரிந்து வருவது) பதிவுகளுக்கு உள்ள வித்தியாசத்தைச் சொன்னால், "பாட்டைக் கேளுடா, ஆராய்ச்சி எதுக்கு?" என்கிறான். ஸ்டோன்ஸ் ரசிகர்களின் ரசனையே மேலோட்டமானதுதானா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

இல்லை. உங்கள் நண்பரும் நுணுக்கமாகத்தான் கேட்கிறார். அவர் காது வேறு இடத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்.

பீட்டில்ஸ் 1966 ஆகஸ்ட் 29 அன்று சான் பிரான்சிஸ்கோவில் வாசித்ததோடு கச்சேரிப் பயணங்களை நிறுத்திக்கொண்டார்கள். 1970இல் குழுவும் கலைந்தது. ரசிகர் கையில் மிஞ்சியது இசைத்தட்டுகள். அதனால் நாம் பழைய நூலுக்குப் பாடபேதம் பார்ப்பதுபோல அவற்றைக் கேட்கிறோம். 'ஹெல்டர் ஸ்கெல்டர்' ஸ்டீரியோவில், பாட்டு அடங்கி, திரும்ப எழும்பி, கடைசியில் விரலெல்லாம் கொப்புளம் என்று டிரம்ஸ் வாசித்த ரிங்கோ கத்துவார். மோனோவில் அந்தக் கத்தல் கிடையாது. 'ஷி இஸ் லீவிங் ஹோம்' மோனோவில் கொஞ்சம் வேகமாக, சுருதி ஏறி ஒலிக்கும். முதல்முறை இதைக் கவனித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. நீங்கள் சொல்லும் ஆராய்ச்சியும் பாட்டைக் கேட்பதுதான்.

ஸ்டோன்ஸ் ரசிகருக்கு இந்தப் பிரச்சினையே இல்லை. அவருடைய குழு மேடையை விட்டு இறங்கவில்லை. 2021 ஆகஸ்டில் அதன் டிரம்மர் சார்லி வாட்ஸ் இறந்தார். அடுத்த மாதமே ஸ்டீவ் ஜோர்டன் டிரம்ஸ் வாசிக்க அமெரிக்காவில் பயணம் தொடங்கிவிட்டது. ஆகவே அவர் கேட்கும் கேள்வி "எந்தப் பதிவு?" அல்ல, "எந்த ராத்திரி?" 1973 அக்டோபர் பிரஸ்ஸல்ஸ் கச்சேரி 2011இல்தான் முறையாக வெளிவந்தது. அதுவரை திருட்டுப் பதிவாகவே கைமாறி வந்தது. அதில் மிக் டெய்லரின் கிதாரைப் பற்றிக் கேளுங்கள், உங்கள் நண்பர் விடிய விடியப் பேசுவார். குழுவின் இன்னொரு கிதார்காரர் கீத் ரிச்சர்ட்ஸ் தடித்த ஆறாவது தந்தியைக் கழற்றிவிட்டு ஐந்து தந்தியில் வாசிப்பதைப் பற்றியும் பேசுவார். இதை மேலோட்டம் என்று எப்படிச் சொல்வது?

பகை என்பதும் பாதி விளம்பரம். முதலில் பீட்டில்ஸுக்கு விளம்பர வேலை பார்த்த ஆண்ட்ரூ லூக் ஓல்டம்தான் பிறகு ஸ்டோன்ஸை அவர்களுக்கு எதிரான முரட்டுப் பையன்களாக நிறுத்தினார். 1963இல் பீட்டில்ஸின் லெனனும் மெக்கார்ட்னியும் தங்கள் பாட்டு ஒன்றை ஸ்டோன்ஸுக்குக் கொடுத்தார்கள்.

அப்புறம், 2023 அக்டோபரில் வந்த ஸ்டோன்ஸ் ஆல்பத்தில் ஒரு பாட்டுக்கு பேஸ் வாசித்திருப்பவர் மெக்கார்ட்னி. அடுத்த இரண்டு வாரத்தில், லெனனின் பழைய பதிவிலிருந்து முடித்த பீட்டில்ஸின் கடைசிப் பாட்டு வந்தது. இரண்டையும் நண்பரோடு உட்கார்ந்து ஒரே மாலையில் கேளுங்கள். பிரஸ்ஸல்ஸ் பதிவை அவரிடமே கேட்டு வாங்குங்கள்.