பூனைக்குட்டியின் கண்ணில் மிச்ச மருந்தை விடலாமா?

கேள்வி: தெருவில் கிடந்த பூனைக்குட்டி ஒன்றை எடுத்து வளர்க்கிறேன். மூன்று மாதக் குட்டியாக இருக்கும். நான்கு நாள்களாக இடக்கண்ணில் மஞ்சளாகப் பீளை கட்டி, காலையில் இமை ஒட்டிக்கொள்கிறது, தும்மலும் இருக்கிறது. கண்புரை அறுவைக்குப் பின் அப்பாவுக்குக் கொடுத்த சொட்டு மருந்து பாதி மிச்சமிருக்கிறது. அதை விடலாமா? மாத்திரையைப் பொடித்துப் பாலில் கலந்து கொடுத்தால் நுரை தள்ளித் துப்பிவிடுகிறதே, என்ன செய்வது?

– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: அந்தச் சொட்டு மருந்தைத் தயவுசெய்து விடாதீர்கள். அப்பாவுக்கு நன்மை செய்த மருந்து குட்டிக்குத் தீங்கு செய்யாது என்று நினைப்பது இயல்புதான். ஆனால், கண்புரை அறுவைக்குப் பின் தரப்படும் சொட்டு மருந்துகளில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும். தும்மலோடு கண்நோய் வரும் குட்டிகள் பலவற்றில் அதற்குக் காரணம் பூனைகளுக்கே உரிய ஹெர்பிஸ் வைரஸ்; அது கருவிழியில் புண்ணை உண்டாக்கக்கூடியது. புண் உள்ள கண்ணில் ஸ்டீராய்டு பட்டால், மேலே சிவப்பும் வீக்கமும் குறைந்து நோய் தணிந்ததுபோலத் தோன்றும். உள்ளே புண் ஆழமாகிக் கருவிழியில் துளை விழவும், பார்வையே போகவும் கூடும். இதனால்தான் கால்நடை மருத்துவர் முதலில் ஃபுளோரசின் என்னும் சாயத்தைக் கண்ணில் விட்டு, நீல ஒளியில் பார்க்கிறார். புண் இருந்தால் அந்த இடம் பச்சையாக ஒளிரும். சில நிமிடங்களே பிடிக்கும் இந்தச் சோதனை முடியும்வரை எந்தச் சொட்டு மருந்தும் வேண்டாம்.

கிளமிடியா என்ற பாக்டீரியாவும் இத்தகைய கண்நோய்க்குக் காரணமாக இருக்கலாம்; அது முதலில் ஒரு கண்ணில் தொடங்கி, பிறகு மறு கண்ணுக்குப் பரவும். இதற்கு மருத்துவர்கள் பெரும்பாலும் டாக்ஸிசைக்ளின் மாத்திரையை ஏறக்குறைய நான்கு வாரங்களுக்குத் தருவார்கள். கண் தெளிந்துவிட்டதே என்று பத்தாம் நாளில் நிறுத்தினால் நோய் திரும்பலாம். வீட்டில் வேறு பூனைகள் இருந்தால் அவற்றுக்கும் சிகிச்சை தேவைப்படும்.

மருத்துவரிடம் போகும்வரை, கொதித்து ஆறிய நீரில் நனைத்த பஞ்சால் பீளையை ஊறவைத்து, மூக்கோரத்திலிருந்து வெளிப்பக்கமாக மெல்லத் துடைத்துவிடுங்கள். ஒவ்வொரு கண்ணுக்கும் தனிப் பஞ்சு வேண்டும். தாய்ப்பால், விளக்கெண்ணெய், மஞ்சள் நீர் என்று யார் சொன்னாலும் கண்ணில் விடவேண்டாம். மருத்துவர் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தபின், குட்டியைத் துண்டில் சுற்றி, முகம் வெளிப்பக்கம் பார்க்க மடியில் வைத்து, தலைக்குப் பின்னாலிருந்து கையைக் கொண்டுவந்து விடுங்கள். எதிரே புட்டி வருவதைக் கண்டால் அது திமிறும். புட்டியின் முனை கண்ணில் படக்கூடாது. இரண்டு மருந்துகள் இருந்தால் இடையில் ஐந்து நிமிடமாவது விட்டு, களிம்பைக் கடைசியில் போடுங்கள்.

நுரை தள்ளுவது பெரும்பாலும் கசப்பினால்தான். பொடித்தால் கசப்பு நாக்கெங்கும் பரவும். பாலிலுள்ள கால்சியமோ டாக்ஸிசைக்ளின் உடலில் சேர்வதைக் குறைக்கும். முழு மாத்திரையை நாக்கின் மேல், தொண்டைப் பக்கமாகப் பின்கோடியில் வைத்து வாயை மூடிப் பிடித்து, விழுங்கியவுடன் ஊசியில்லாத சிரிஞ்சால் ஐந்தாறு மில்லி நீரைக் கன்னத்தின் ஓரமாகச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு: டாக்ஸிசைக்ளின் மாத்திரை உணவுக்குழாயில் தங்கினால் அங்கே புண்ணாகி, குழாயே சுருங்கி, பூனையால் எதையும் விழுங்க முடியாமல் போகலாம்.

வலிக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். ஒரு மாத்திரையே பூனையின் உயிரைப் பறிக்கும். குட்டி கண்ணைத் திறக்காமல் இறுக்கிக்கொண்டாலோ, பாதத்தால் தேய்த்தாலோ, கருவிழி வெளிறி மங்கினாலோ, மறுநாளுக்குத் தள்ளாமல் அன்றே காட்டுங்கள்.